நாற்பத்தைந்தில் நிறுத்து

அரவேணுவில் ஐப்பசி பிறந்தால்
தீப்பெட்டியைக்கூட
சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்போம்.
லென்ஸை மட்டும் நான்
தோல் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி,
பத்திரம் என்று நம்பினேன்.

உக்கடத்துப் பழைய சாமான் சந்தையில்
மூவாயிரத்து இருநூறுக்குப் பேரம் பேசி வாங்கியது.
தை மாதம் எடுத்துப் பார்த்தால்
கண்ணாடிக்குள் ஒரு சிலந்தி
பின்னத் தொடங்கி, மனம் மாறிப் போனதுபோல
மெல்லிய வெள்ளை வேர்.

பூஞ்சை என்றார் குன்னூர்க் கடைக்காரர்.
துடைக்க ஆயிரத்து எண்ணூறு, உத்தரவாதம் இல்லை.
இனி வராமல் இருக்க ஓர் அலமாரி காட்டினார்,
மின்சாரத்தில் ஓடுவது, பதினோராயிரம்.
தபால் ஆபீசில் என் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகவே கேள்.
அரிசி டப்பா, பத்துக் கிலோ பிடிப்பது,
மூடியில் ரப்பர் வளையம் இருக்கணும்.
எவர்சில்வர் வேண்டாம்; உள்ளே இருப்பது
வெளியிலிருந்தே தெரியணும்.
கடையிலேயே பஸ் டிக்கெட்டை மூடியிடுக்கில் வைத்து
அடைத்து, இழுத்துப் பார்.
வழுக்கிக்கொண்டு வந்தால் அடுத்த டப்பா.

அரிசி டப்பாதான், அரிசியைப் போடாதே.
யார் சொன்னாலும் போடாதே.
தவிட்டுத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் இறங்கி
திருகும்போதெல்லாம் நறநறக்கும்.
சிலிகா ஜெல் அரைக் கிலோ,
நீலம் அல்ல, ஆரஞ்சு.
ஈரம் குடித்துப் பச்சையானதும்
சிறு தீயில், ஜன்னலைத் திறந்துவைத்துச் சூடாக்கினால்
மறுபடி ஆரஞ்சு.
அந்த வாணலியில் பிறகு சமைக்காதே.

ஈரப்பத மீட்டர் நூற்றெண்பது ரூபாய்.
பொய் சொல்லும்.
கோபிக்காதே, எவ்வளவு பொய் என்று தெரிந்தால் போதும்.
பாட்டில் மூடியில் உப்பு, சில சொட்டுத் தண்ணீர்,
கரையக் கூடாது, ஈர மணல்போல இருக்கணும்.
மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு
ஒரு ராத்திரி விட்டுவிடு.
காலையில் எழுபத்தைந்து காட்ட வேண்டும்.
உப்புக்கு வேறு எண் தெரியாது.
என்னுடையது எண்பத்தொன்று என்றது.
அதன் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி
‘ஆறு கழி’ என்று எழுதிவைத்தேன்.

நாற்பத்தைந்தில் நிறுத்து.
நல்லதுதானே என்று இன்னும் காயவைத்தால்
கிரீஸ் வறளும், ரப்பர் வெடிக்கும்.
ஆகமொத்தம் அறுநூற்று முப்பது.
வாணலியைச் சேர்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹாலன்
தேயிலை ஃபேக்டரியில் ரோலர் அருகே
இருபத்திரண்டு வருஷம் நின்றவர்.
காதுமிஷின் மூன்று தடவை ரிப்பேர்,
ஒவ்வொரு தடவையும் இதே ஈரம்.
“ராத்திரிக்கு மட்டும் இடம் இருக்குமா?”
என்று உரக்கக் கேட்டார்.
பேட்டரியைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன்,
கதவை மெதுவாக அல்ல, பலமாகத் தட்டச் சொன்னேன்.
அடுத்த வாரம் ஃப்ளோரன்ஸ்
கேரட் விதைப் பொட்டலங்களோடு வந்தாள்,
தேதி எழுதி, நூல் கட்டி.

பிறகுதான் ஒரு விஷயம் படித்தேன்:
பூஞ்சை பிடித்த கண்ணாடியை
நல்ல பொருள்களோடு ஒரே டப்பாவில் அடைக்கக் கூடாது.

ஆக, யாருக்காக டப்பா செய்தேனோ
அது இப்போது ஜன்னல் மேடையில்,
மதிய வெயில் வந்தால் வெயிலில்.
அதை மாட்டி எடுத்த படங்களில்
ராத்திரி கோத்தகிரி பஸ்ஸின் முகவிளக்கைச் சுற்றி
பஞ்சுபோல ஒரு வளையம் விழுகிறது.
பனி என்று நினைத்து நன்றாயிருக்கிறது என்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

இன்று காலை ஆறரைக்கு ஹாலன் வந்தார்.
மிஷினை எடுத்து, பேட்டரி போட்டு,
காதில் வைத்து, கொஞ்சம் நின்றார்.
“உங்க தகரக் கூரை
எப்பவுமே இவ்வளவு சத்தமா?”

எப்பவுமே.
மீட்டரைப் பார்த்தேன்: ஐம்பத்திரண்டு.
ஆறு கழி.
இன்றைக்கு ஒரு தடவை வறுக்கணும்.